கை மாறிய வளையல்கள்

விசேஷ வீட்டுக்கு எல்லோரும் தட்டும் பழமுமாகப் போவார்கள். நான் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போவேன். எருமப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க, இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தப் பக்கம் கிடையாது. நர்சம்மா பந்திக்கு வந்தால் இலை போடுவதற்கு முன்னால் கையை நீட்டச் சொல்லும் என்பார்கள். சிரிக்கட்டும். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வா வா என்று வாய் வலிக்கக் கூப்பிட்டாலும் வராத கர்ப்பிணி, கட்டுச்சோத்து விருந்தன்று மணையில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? பட்டுச் சேலையோடு எங்கே ஓடிவிடுவாள்?

கட்டுச்சோறு என்பது எங்கள் பக்கத்து வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கிளறி, தூக்குவாளிகளில் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். பெண்ணுக்கு வளையல் போட்டு, ஊட்டி, பந்தி முடிந்ததும் பிரசவத்துக்கு அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம். எனக்குத் தலைவலி. மாதக்கணக்கில் எடை பார்த்து, ஊசி போட்டு, சத்து மாத்திரையைத் தின்றாயா இல்லை கோழிக்குப் போட்டாயா என்று துரத்தித் துரத்திக் கேட்ட பெண், சரியாகப் பிரசவ நேரத்தில் முன்பின் தெரியாத இன்னொரு நர்சின் எல்லைக்குள் போய்விடுவாள். போகிறவளை நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை. போகும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்தக் கருவியும் என்னோடு விருந்துக்கு வந்தது.

இப்போது நான் ஓய்வு பெற்று நாமக்கல்லில் இருக்கிறேன். அந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு டைல்ஸ் போட்டு, வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டார்களாம். எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை. மழை வந்தால் மருந்து அலமாரிக்கு மேல்தான் ஒழுகும். நான் ஏங்குவது வேறு எதற்கோ. புதன்கிழமை காலையில் தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, வெங்காயக் காட்டு ஓரமாகவும் கோழிப்பண்ணை நாற்றத்துக்கு நடுவிலும் போகும்போது, இன்று யாரிடம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்தச் சண்டைகள் போய்விட்டன. வீட்டில் இருக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டித் தட்டிக் காது மந்தமானவர். அவரோடு சண்டை போட்டால் பாதி அவருக்குக் கேட்காது, மீதியைக் கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. வளைகாப்பு வீட்டில், பிள்ளை இல்லாத பெண்ணைக் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போடுவது வழக்கம். அந்த ராசி இவளுக்கும் ஒட்டட்டும் என்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்து மணைப் பக்கம் இழுப்பாள். நான் கையை உதறிக்கொள்வேன். ஓயாமல் கை கழுவுகிற வேலை, கண்ணாடி வளையல் ஆகாது என்பேன். அப்படி இழுத்தபோதெல்லாம் வலித்தது. வயது ஏற ஏற, இனி இவளுக்கு எதற்கு என்று அவர்களாகவே கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அது இன்னும் வலித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பின்வரிசை நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மணையைப் பார்க்காமல் பந்தியைப் பார்ப்பேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணின் கட்டுச்சோற்றைப் பற்றி. தலைப்பிரசவம். அம்மா வீடு வாழப்பாடிப் பக்கம். புருஷன் போர்வெல் ரிக்கு வண்டியில் வேலை. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான். அங்கே சிக்னல் கிடைத்தால் போன் வரும், இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். கெட்டவள் இல்லை. மருமகளைக் குடத்தைத் தொடவிட மாட்டாள். நாட்டுக்கோழிச் சாறும் ராகிக் களியுமாகப் போட்டுத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் விருந்துக்கு முந்தைய பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. வீட்டுக்கே போனேன், பூட்டியிருந்தது, பத்திரிகை வைக்கக் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். போனில் பிடித்தபோது, விசேஷம் முடியட்டுமுங்க என்றாள் மாமியார். ஆக, விருந்து வரைக்கும் பொறுத்துக்கொண்டு, பையோடு போனேன்.

நான் போனபோது வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வளையல்காரர் சேலத்துக்காரர், வயதான பாய். அந்தப் பக்கத்து விசேஷ வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பெட்டியோடு வருவார். முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாகப் போட்டார்கள். பிறகு கண்ணாடி. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று மாற்றி மாற்றி. அவர் எடுத்து வைத்திருந்த அளவு பெண்ணின் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அடுத்த அளவும் ஏறவில்லை. சோப்பு நுரையைக் கொண்டு வரச் சொல்லி, பெட்டியின் அடியிலிருந்து ஆகப் பெரிய அளவை எடுத்தார். கல்யாணத்துக்கும் நான்தானே போட்டேன், அப்போது குருவிக் கை மாதிரி இருந்ததே என்று அவர் சொல்ல, கூட்டம் சிரித்தது.

பெண்ணின் அம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். மகளைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாழப்பாடியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் காதில் விழும்படி, சம்பந்தியம்மா வீட்டில் என் பெண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், முகமெல்லாம் பூரித்து, கையெல்லாம் கொழுகொழுவென்று, என்று சொன்னாள். மாமியாருக்கு அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவள் வாயால் அப்படி ஒரு பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

அது பூரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. மெட்டி விரலில் பதிந்து போயிருந்தது. ஊரே கூடிக் கன்னத்தில் சந்தனம் தடவி வாழ்த்திக்கொண்டிருந்தது ஒரு வீக்கத்தை. கூட்டத்துக்குள் புகுந்து, சேலை மடிப்பு அவிழ்ந்திருக்கிறது, சரி செய்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் பெண்ணை எழுப்பி உள் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஜாக்கெட் கை இறுகியிருந்தது. கொக்கியைக் கழற்றித்தான் பட்டையைச் சுற்ற முடிந்தது. அளவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சாய்த்து வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள்.

"நேத்திலிருந்து வலிக்குதுங்க. கண்ணு முன்னாடி மினுக் மினுக்குனு என்னமோ பறக்குது. விசேஷத்தன்னைக்குச் சொன்னா அத்தை மனசு நோவும்னு சொல்லலீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை; அவளை அப்படி வளர்த்த எல்லோர் மேலும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டு அளவைச் சொன்னேன். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். அங்கே தான் பேசிவிடுவதாகவும், வழியில் வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வலிப்பு என்ற சொல்லை நான் கதவுக்கு வெளியே கொண்டு போகவில்லை.

மாமியாரையும் பெண்ணின் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டேன். இது நீர் கோத்த வீக்கம், அழுத்தம் கூடியிருக்கிறது, விட்டால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். கொஞ்சம் முன்னால் ஊரறிய வாங்கிய பேரை மாமியாரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை மாதமும் தன் கையால் சோறு போட்டதற்கு இதுதான் பலனா, நோவாளியாக்கி வைத்திருக்கிறேன் என்று சம்பந்தி முன்னால் சொல்கிறீர்களா என்று கேட்டாள். பெண்ணின் அம்மாவும் அதற்கு ஏற்றாற்போல், சற்று முன் புகழ்ந்த அதே வாயால், என் பெண்ணை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பேச, நடுவில் அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். நான் கத்திவிட்டேன். வெளியே பந்தியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு குரலைத் தணித்து, இது சாப்பாட்டால் வருவதில்லை, தங்கத் தட்டில் வைத்துப் பார்க்கிற வீட்டிலும் வரும், யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்றேன்.

மாமியார் இறங்கி வரவில்லை. கட்டுச்சோறு முடிந்த பெண் இந்த வீட்டுப் படி இறங்கினால் அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போவது எந்த ஊர் வழக்கம் என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கிருந்து வாழப்பாடி போக எது வழி? நாமக்கல்தானே? வாசலில் மாலை போட்ட கார் நிற்கிறது, நல்ல நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. "அம்மா ஊட்டுக்குத்தானுங்க அக்கா போறோம்," என்றேன். "வழியில நாமக்கல்ல எறங்கி டாக்டர்கிட்டக் காட்டிட்டுப் போறோம். எத்தனை நாளானாலும் அது வழிதானுங்களே. திரும்பி இந்த ஊட்டுக்கா வாறோம்?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு வெளியே போய் ஆரத்தித் தட்டைக் கொண்டு வரச் சொன்னாள். ஆரத்தி எடுத்தார்கள். பெண் வலது காலை எடுத்து வைத்துக் காரில் ஏறினாள். பக்கத்தில் நான் ஏறி, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா. கதவைச் சாத்தப் போகும்போது, வழக்கத்தில் இல்லாத வழக்கமாக, மாமியாரும் செருப்பைக்கூடப் போடாமல் முன் சீட்டில் வந்து ஏறிக்கொண்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஊசி வழியாக மருந்து ஏற்ற நரம்பு பிடிக்க வேண்டும். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல், அதற்குக் கீழே வீக்கம். கழற்றுங்கள், கழற்ற வராவிட்டால் உடைத்துவிடலாம் என்றாள் அங்கிருந்த இளம் நர்சு. அவள் வேலையைத்தான் அவள் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் மாமியார் ஸ்ட்ரெச்சரின் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த பயம் அப்போதுதான் வாய் திறந்தது.

"வளையல உடைக்கறதுங்களா? எம்பையன் அங்க ரிக்கு மேல நிக்கறானுங்க நர்சம்மா. நேத்திலிருந்து போன் இல்லீங்க."

அதுவரை அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்திருந்தேன். புருஷன் இருக்கிறவளின் வளையலை உடைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கோ இரும்புக் குழாய்களுக்கு நடுவில் நிற்கிற மகனுக்காக அவள் மறித்துக்கொண்டு நின்றாள். உடைக்காமல் கழற்றலாம் என்றாலும், பிள்ளை பிறக்கும் முன் கழற்றலாமா என்பாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

கழற்ற வேண்டாம், கை மாற்றுவோம் என்று சொன்னேன். வளையல் கீழே வைக்கப்பட்டால்தான் கழற்றியதாகக் கணக்கு. ஒரு சுமங்கலியின் கையிலிருந்து நேராக இன்னொரு சுமங்கலியின் கைக்குப் போனால் அது கழற்றியதாகாது, பிரசவம் வரைக்கும் நான் போட்டிருப்பேன் என்றேன். எந்தச் சாஸ்திரத்திலும் இப்படி இல்லை. வாய்க்கு வந்தது. ஆனால் முப்பது வருடம் நர்சு வேலை பார்த்த வாய், நம்புகிற மாதிரி சொல்லும்.

அவள் யோசித்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரை விட்டு நகர்ந்தாள். நான் சோப்பு நுரையைப் பெண்ணின் கையில் வழித்து, விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாக உருவி என் கையில் போட்டுக்கொண்டேன். என் கை ஒல்லி. அந்தப் பெரிய அளவு தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை ஓடியது. மாமியார் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் உடையவில்லை. நரம்பு கிடைத்தது, மருந்து இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலை மாற்றிவிட்டு அடுப்படியில் வளையல் குலுங்கக் காபிக்குப் பால் வைத்தேன். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிற என் வீட்டுக்காரர், கூப்பிடாமலே வந்து அடுப்படி வாசலில் நின்றார். என் கைகளையே பார்த்தார். அது அந்தப் பெண்ணுடையது, பிரசவம் வரைக்கும்தான் என்று சத்தமாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். முப்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் அத்தனை கேள்வி கேட்டதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கிராமத்தில் என் வளையல் சத்தத்தை வைத்தே குழந்தைகள் ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிந்தன. நர்சம்மாவுக்கு வளைகாப்பா என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலியாகவே இருந்தாலும் அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. வேலை நேரத்தில் வளையல்களை முழங்கைக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கும்போது ஒரு பச்சை வளையல் உடைந்துவிட்டது. ஊருக்கெல்லாம் மூட நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுக்கிற நான், உடனே வார்டுக்குப் போன் போட்டேன். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள், என்ன விஷயம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு, வெங்காயக் காட்டு ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரிக்கில் இருந்த பையனும் அதற்குள் போன் பேசி, ரயில் ஏறிவிட்டிருந்தான்.

அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. சில நாட்கள் வைத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. குறைமாதம்; ஒரு முழம்கூட இருக்காது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தேற்றினார்கள். தாயின் வீக்கம் வடிந்து, பழைய குருவிக் கை திரும்பி வந்தது.

அவர்களை வீட்டுக்கு அனுப்பிய நாளில் நானும் போனேன். வாசலில் அதே கார். பாதியில் நின்றிருந்த பயணத்தை முடிக்க, ஒருவழியாக வாழப்பாடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். துணியில் சுற்றிய குழந்தையை மாமியார் வைத்திருந்தாள். நான் சொன்ன சொல் தவறாதவள் என்று காட்ட, ஒரு வளையல் உடைந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டு, மீதியைக் கழற்ற ஆரம்பித்தேன். மாமியார் குழந்தையைச் சம்பந்தியிடம் கொடுத்துவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கம்மா காலத்துல அந்த வளையலு பேறு பார்த்த மருத்துவச்சிக்குத்தானுங்க போவும்."

பிரசவம் பார்த்தது டாக்டர்கள், நான் அந்த அறைக்குள்ளேகூடப் போகவில்லை என்றேன்.

"யாரு பேறு பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். பாதி உருவியிருந்த வளையலைத் தன் கையாலேயே என் கையில் மறுபடி ஏற்றினாள். மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் போடுவது போல, மெதுவாக, விரல் முட்டியில் இடிக்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டே அழுதேன். அந்தப் பெண்ணும் அழுதாள். பெண்ணின் அம்மா மட்டும், நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லையா என்று கேட்டார். மருத்துவச்சிக்குத்தான் சேர வேண்டுமாம், திரும்ப வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள் என்றேன். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நமக்கேதானா?" என்றார்.

"நமக்கேதானுங்க," என்றேன். அடுப்படிக்குப் போய்க் காபி ஆற்றினேன், வேண்டுமென்றே கையை ஓங்கி ஓங்கி, வளையல் குலுங்க.